சுளிக்காத முகம்

ஜூன் 2

கத்தரி பூத்துவிட்டது. கீரை அறுத்தேன். தக்காளியில் மறுபடியும் வெள்ளைப் பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்தேன்.

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது என் நாத்தனார். "எதை எப்ப விதைச்சீங்கன்னு எழுதி வைங்க அண்ணி. எல்லாத்தையும் வாயிலயே வச்சிருந்தா எப்படி?" என்றாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் அடித்து அடித்து, சிரிப்பையும் ஒரு பிழை என்று அடித்துவிட்டாள் போல. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இதை அவள் படித்தால் பக்கத்துக்கு ஒரு பேனா தீரும். அதனால் விதை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் சுரைக்கொடி பந்தலைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டது. போன வருஷக் காயிலிருந்து நானே எடுத்து வைத்த விதை. இந்த வருஷக் காய்க்குக் கழுத்து குட்டை, வயிறு பெரிசு. "உன்னை மாதிரியே" என்றார் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், ஏற்றுவதும் இறக்குவதும்தான் தெரியும்.

ஜூன் 5

மாடிக்காரிகள் எல்லாரும் பக்கத்து வீட்டுத் தையல்காரி மாடியில் கூடினோம். எங்கள் தெருவில் தொட்டி வைத்துக் காய் வளர்க்கிற பெண்களுக்கு நான் வைத்த பெயர் அது. சட்டமும் நான் போட்டதுதான்: உரம் நம் வீட்டுக் குப்பையிலிருந்து, தண்ணீர் அரிசி கழுவியதிலிருந்து, விதை நம் காயிலிருந்து. கடையில் ஒன்றும் வாங்கக் கூடாது. விதைகூட.

எல்லாருக்கும் என் சுரை நாற்றுதான் கொடுத்திருக்கிறேன். குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறவளுக்கு இரண்டு. அவள் காப்பகத்துக்குப் பின்னால் நட்டுப் பந்தல் போட்டிருக்கிறாளாம், பிஞ்சும் விட்டுவிட்டதாம். "பிள்ளைங்களுக்கு உன் காய்தான் போடப்போறேன், பார்த்துக்கோ" என்றாள். "போடு போடு, எல்லாம் என்னை மாதிரி அழகா வரும்" என்றேன்.

தையல்காரி வாசலில் போன வருஷம் செய்த விளக்கு தொங்குகிறது. குட்டிச் சுரைக்குடுக்கையைக் காய வைத்து, ஓட்டை போட்டு, உள்ளே பல்பு. அழகுக்கென்று வளர்த்த அந்தக் கொடி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் மேலேயே படர்ந்திருந்தது. சாப்பிட முடியாத காய்க்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அப்போதே கேலி செய்தேன்.

ஜூன் 8

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுரைக்கொடி மத்தியானம் துவண்டு சாயங்காலம் எழுந்திருக்கிறது. என்னைப் போல.

ஜூன் 9

நாத்தனாருக்குச் சர்க்கரை. காலையில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடித்தால் குறையும் என்று அவள் பிழை திருத்திய ஏதோ புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அச்சில் வந்தால் அவளுக்கு வேதம். இத்தனை நாள் கடைக் காயில் குடித்தாள். நாளை நம் வீட்டுக் காய். முதல் காயைப் பறித்துச் சமையலறை மேடையில் வைத்திருக்கிறேன். குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 10

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எழுதினால் மனசு அடங்குமா? தெரியவில்லை.

காலையில் காயைத் தோல் சீவி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. என் காய்க்கு நானே மரியாதை செய்யாவிட்டால் எப்படி?

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் பிழிந்த துணி மாதிரி ஆயிற்று.

"அண்ணி, கசக்குது. ரொம்பக் கசக்குது."

"உன் வாய் கசப்புக்குக் காயைக் குத்தம் சொல்றியா?"

"நீங்க குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். ஒரு மடக்கு. கசப்பென்றால் கசப்பு, காது வரைக்கும் ஏறியது. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தால் எனக்கு விட மனசு வராது. அவள் பாவாடை சட்டையில் நின்ற நாளிலிருந்தே அவளைச் சீண்டுகிறேன். டீயில் உப்பைப் போட்டு, நானும் அதையே குடித்து, "ஏன், நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அவளையும் குடிக்க வைத்தவள் நான். முகத்தில் ஒரு கோடு அசையாது. அது எனக்குக் கைவந்த வித்தை.

உதட்டை நக்கினேன். "தேன் மாதிரி இருக்கு. புத்தகம் சொன்னா குடிப்பியாம், அண்ணி கொடுத்தா கசக்குமாம். பயந்தாங்கொள்ளி!"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னை முறைத்துக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை.

நான் தொட்டியடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துச் சிரித்தேன். சிரித்தேனே – பாவி. கொஞ்ச நேரத்தில் எனக்கு வாந்தி வந்தது, வயிறு காலியானது. அப்போதும் உறைக்கவில்லை. அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளே ஓங்கரிக்கிற சத்தம். கதவைத் தட்டி, "போதும் போதும், நல்லா நடிக்கிற, பரிசு கொடுத்தாச்சு, வெளிய வா" என்றேன்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்காரர்தான் தாழை உடைத்தார். தரையில் கிடந்தாள். வாந்தியில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்கள், "என்ன சாப்பிட்டாங்க?" சுரைக்காய்ச் சாறு என்றேன். "கசந்ததா?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார், தங்கையின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"லேசா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்டி அப்படிச் சொன்ன?

ஜூன் 11

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தோம். காலையில் டாக்டரம்மா வந்து, ரத்த அழுத்தம் ஏறமாட்டேன் என்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். கெட்டுப்போன எதையாவது சாப்பிட்டார்களா, ஓட்டலில் ஏதாவது, மாத்திரை ஏதாவது மாற்றிப் போட்டார்களா – ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும்தானே குடிச்ச? லேசாத்தான் கசந்துச்சுன்னுதானே சொன்ன?" என்றார். சந்தேகத்தில் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டார்.

டாக்டரம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், கசந்துச்சு. லேசா இல்ல. விஷமாக் கசந்துச்சு. தெரிஞ்சுகிட்டேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். அவ முழுசும் குடிச்சா."

அவர்கள் நின்றார்கள். திட்டுவார்கள் என்று பார்த்தேன். "எவ்வளவு குடிச்சாங்க? வெறும் வயிறா? நீங்க எவ்வளவு?" என்று கேட்டு, நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொன்னார்கள். பிறகு என்னிடம், "கசக்கிற சுரைக்காய் விஷம்தான்மா. சமைச்சாலும் போகாது. மாத்து மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். நேத்தே சொல்லியிருக்கணும் நீங்க" என்றார்கள். அதற்கப்புறம்தான் அதைக் கேட்டார்கள்:

"இந்தக் காயை வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

காய் கொடுக்கவில்லை. நாற்று கொடுத்திருக்கிறேன். தெரு முழுக்க.

காப்பகத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரி காப்பகத்து அடுப்படியில் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். மேடையில் இரண்டு சுரைக்காய். நாளைக்குப் போடப்போகிறாளாம்.

"இதைச் சமைக்காத. கொடியையும் பிடுங்கிடு. விஷம்" என்றேன்.

சிரித்தாள். "ஏன்டி, என் காய் உன் காயைவிடப் பெரிசா வந்துட்டுன்னு பொறாமையா?"

"விளையாட்டு இல்ல. என் நாத்தனார் ஆஸ்பத்திரியில கிடக்கிறா."

"போன மாசம் என் புதினாவுல பாம்பு இருக்குன்னு சொல்லி என்னைத் தண்ணித் தொட்டி மேல ஏத்தினவதானே நீ?"

நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள். நெஞ்சு வெடிக்கிறது, அவள் சிரிக்கிறாள். கடைசியில் கத்தியை எடுத்து ஒரு காயை நானே அறுத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தா, நுனி நாக்குல தொட்டுத் துப்பு" என்று ஒரு துண்டை நீட்டினேன். தொட்டாள். துப்பினாள்.

"நல்லா இனிக்குது. இப்ப என்ன சொல்ற?"

நானும் தொட்டேன். கசக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல காயை வீணாக்கினாய் என்று திட்ட ஆரம்பித்தாள். இது எந்தக் கொடியின் காய் என்று கேட்டேன். இடது பக்கத்துக் கொடி என்றாள். இன்னொரு காய் வலது பக்கத்துக் கொடியில் காய்த்ததாம்.

அதையும் அறுத்தேன். அவள் வெடுக்கென்று துண்டை வாங்கி நாக்கில் வைத்தாள்.

சிரிப்பு நின்றது. குழாயைத் திறந்து நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் எதற்கோ கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவளே பின்பக்கம் போய் இரண்டு கொடியையும் வேரோடு பிடுங்கினாள்.

மற்ற வீடுகளுக்கு அவளும் கூட வந்தாள், கடைசியில் என் கொடியையும் பிடுங்கினோம். நான் தனியாகப் போயிருந்தால் ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டாள்.

ஜூன் 12

கண் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா தெரியவில்லை.

ஜூன் 16

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பாதியாகிவிட்டாள். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துக் கஞ்சி கொண்டுபோனேன். கையில் வாங்கவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அன்னைக்கு உங்களுக்குக் கசந்துச்சா, இல்லையா?"

"கசந்துச்சு."

"எவ்வளவு?"

"உனக்குக் கசந்த அளவு."

தலையை ஆட்டினாள். ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மாதிரி. கஞ்சியை அவள் அண்ணன் வந்து ஊட்டினார்.

ஜூன் 19

இன்றும் அண்ணன் கையால்தான் சாப்பிட்டாள்.

ஜூன் 23

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வரும்போது ஒரு பை நிறையக் காய் வாங்கி வந்து மேடையில் வைத்தாள். கத்தரிக்காய், தக்காளி, கீரை. எல்லாம் நம் மாடியில் காய்த்துத் தொங்குகிறவை. அவளே நறுக்கி, தனிச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டாள்.

என்ன சொல்வது? கீரையில் என்ன இருக்கிறது என்று அவள் யாரை நம்பிச் சாப்பிடுவாள்?

வீட்டுக்காரர் என்னோடு பேசுகிறார், ஆனால் அளந்து. என் வாய் இருக்கிற இடம் தெரியவில்லை. தையல்காரி கேட்கிறாள், உடம்பு சரியில்லையா என்று.

ஜூன் 28

விதைக்கடைக்குப் போனேன். என் சட்டத்தை நானே உடைத்து ஒரு பாக்கெட் சுரை விதை வாங்கினேன். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "பக்கத்துல காட்டுச் சுரை, அழகுச் சுரை ஏதாவது படர்ந்திருந்துச்சா?" என்றார். தையல்காரியின் விளக்கு கண் முன்னால் வந்தது. வண்டு அந்தப் பூவிலிருந்து இந்தப் பூவுக்கு வந்திருக்கும், சில விதை அதைப் போல ஆகியிருக்கும், பார்த்தால் தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து தையல்காரியிடம் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறி விளக்கைக் கழற்றினாள். வேண்டாம், அது என்ன பாவம் பண்ணியது என்றேன். வண்டுக்கு ஒன்றும் தெரியாது, கொடிக்கும் தெரியாது. அந்த டம்ளர் கசந்தது எனக்கு ஒருத்திக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 20

புதுக் கொடி பூக்கிறது. தையல்காரி மீந்த மல் துணியில் குட்டிக் குட்டிப் பை தைத்துக் கொண்டுவந்தாள். விதைக்கு விடுகிற பூ விரிவதற்கு முன்னாலேயே பையை மாட்டிவிட வேண்டும், வண்டு வராது. சாயங்காலம் நாமே ஆண் பூவைத் தொட்டு வைக்க வேண்டும்.

"பூவுக்கெல்லாம் சட்டை தைக்கிற, என் ஜாக்கெட்டை எப்ப கொடுப்ப?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாத்தனார் மாடிப்படியில் நிற்கிறாள், காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள். அவள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 27

கடைக் காய் பை இன்றும் வந்தது. கொஞ்சம் சின்னப் பை. நானாக நினைத்துக்கொள்கிறேனோ?

செப்டம்பர் 14

முதல் காய். கழுத்து நீளம். அறுத்து மேடையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பிறகு மெலிசாக ஒரு துண்டு சீவி நுனி நாக்கில் வைத்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது, லேசான இனிப்பு. துப்பிவிட்டு நிமிர்ந்தால் நாத்தனார் வாசற்படியில். வேலைக்குக் கிளம்பிய கோலம், தோளில் பை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

எத்தனையோ நாளுக்கு அப்புறம் என்னைக் கேட்கிற முதல் கேள்வி. தேன் மாதிரி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"கசப்பு இல்ல. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்ல."

கையை நீட்டினாள். நான் தயங்கினேன். கையை மடக்கவில்லை. ஒரு துண்டு சீவி உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டாள். துப்பவில்லை, மென்றாள்.

மென்றுகொண்டிருந்தவளின் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. "துப்பு! துப்பித் தொலை!" என்று அவள் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டேன்.

என் விரலைக் கடித்தாள்.

"உங்களுக்கு மட்டும்தான் நடிக்க வருமா அண்ணி?" என்றாள், வாயில் காயோடு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கத்தியை எடுத்துக் கழுவி வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும் வரை இருந்தாள். அச்சகத்துக்கு லேட்.

கிளம்பும்போது, "மீதிய என்ன பண்ணப்போறீங்க?" என்றாள்.

சமைக்கப்போகிறேன் என்றேன்.

"ஒரே சட்டியில பண்ணிடுங்க. எனக்கும் சேர்த்து."

விரலில் பல் தடம் இன்னும் இருக்கிறது. பேனா பிடிக்க வலிக்கிறது.