கவர் மாறிய மீன் குழம்பு

† சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
3-7-1932, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அருளப்பன் எழுதிக்கொள்வது. தேவன் புண்ணியத்தில் நானும் தெரேசாவும் சுகம். அங்கே உங்கள் முட்டிவலி எப்படி? தைலம் தடவுகிறீர்களா, அல்லது வழக்கம்போல அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

நேற்று நம் தெரேசாவை அழைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கடல் கடந்து போனேன். ஃபெர்ரி அக்கரையைத் தொட்டதும் முழங்காலிட்டு மண்ணை முத்தமிடலாமா என்று யோசித்தேன். வேட்டி சலவையாக இருந்ததால் அந்த எண்ணத்தை விட்டேன்.

மாப்பிள்ளை பெஞ்சமின் தங்கமான பையன். பிறை ரயில்வே ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி வேலை. பேச்சு மட்டும் குறைவு. அவன் பேச வேண்டிய பங்கையும் சேர்த்து அவன் தாயார் அமலம்மாள் பேசிவிடுகிறார். சாயங்காலம் ஜெபமாலை முடிந்து அந்த அம்மாள் ஒரு பாட்டு எடுத்தார் பாருங்கள். முதல் அடியில் கூரைப் புறாக்கள் பறந்தன. இரண்டாம் அடியில் அந்த வட்டாரத்துச் சேவல்களெல்லாம் பொழுது விடிந்தது என்று கூவின. மூன்றாம் அடியில் பிறையில் நின்ற ரயில், யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று பதிலுக்கு ஊதியது.

மீன் குழம்பைக் கேட்காதீர்கள். அதிலிருந்த புளியைக் கொண்டு இந்தத் தீவின் பித்தளைப் பாத்திரங்கள் அத்தனையும் துலக்கலாம். காரத்தைப் பற்றி விரிவாக எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். நான் மூன்று தட்டு சாப்பிட்டது ருசியால் அல்ல, வீரத்தால்.

வேடிக்கை இருக்கட்டும். அக்கா, நம் பெண்ணை அந்த வீட்டில் கொடுப்பது கடலில் தூக்கிப் போடுவதுதான். ஆனாலும் பெற்றவள் நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள், தாய்மாமன் நான் யார் தடுக்க? 17-ந் தேதி கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசித்து முடிந்தால் கல்யாணம்.

அந்த அம்மாளுக்கும் தேன் தடவி ஒரு நன்றிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

அன்புத் தம்பி,
அருளப்பன்


† சேசு மரி சூசை துணை

புக்கிட் மெர்தாஜம்
6-7-1932

மரியாதைக்குரிய அருளப்பன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தேன் தடவிய கடிதம் அல்ல. மற்றது.

நான் பின்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். கை ஓய்வில்லாததால் பெஞ்சமினை உரக்க வாசிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு சலேஹாவும் இருந்தார். "அன்புள்ள அக்காவுக்கு" என்று இருந்தது. எங்கள் வீட்டில் நுழைந்தது முதல் நீங்கள் என்னை அக்கா என்றுதான் அழைத்தீர்கள். எனக்கும் முட்டிவலி உண்டு. ஆகையால் முதலில் சந்தேகம் வரவில்லை.

பாட்டு வந்த இடத்தில் பையனின் குரல் இறங்கிவிட்டது. "அம்மா, இது நமக்கு இல்லைம்மா. மடிச்சு வச்சிடறேன்" என்றான்.

"கவர் மேலே யார் பேரு போட்டிருக்கு?"

"உங்க பேருதான்."

"அப்ப படி."

கடைசி வரைக்கும் படித்தான். சலேஹாவுக்குத் தமிழ் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யார் இறந்தது?" என்று மலாயில் கேட்டார்.

17-ந் தேதி வாசிக்க இருந்த ஓலையை நிறுத்தி வைக்கும்படி சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். பெண்ணைக் கடலில் போடுவதாக நினைக்கிறவர்களிடம் பெண் எடுக்க எங்களுக்கு மனமில்லை.

இனி என்னை அக்கா என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அமலம்மாள்


† சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
8-7-1932

மகா கனம் பொருந்திய அமலம்மாள் அம்மையாரின் சமுகத்துக்கு,

பூமி பிளந்து என்னை விழுங்காததால் இதை எழுதுகிறேன். நேற்று முழுவதும் வெல்ட் கீ துறையில் நின்று பிளக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அங்கே சிமெண்டு போட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு கடிதம், ஒரே காகிதம், தலையில் ஒரே சிலுவை, கீழே ஒரே "அன்புள்ள அக்காவுக்கு". மேல்வரியை மட்டும் பார்த்து மடித்துக் கவரில் போட்டேன். சரக்குக் கிட்டங்கியில் இருபது வருஷமாக ரங்கூன் மூட்டையை ரங்கூனுக்கும் மதராஸ் மூட்டையை மதராஸுக்கும் பிசகாமல் அனுப்பிய கிராணி நான். என் புகழ் ஏழு கடல் தாண்டி எட்டாவது கடலின் கரையில் விசாரிக்கப்படுவது. அத்தனையும் ஒரு தபால் தலையில் போயிற்று.

தங்களுக்கு எழுதிய நன்றிக் கடிதம் தைப்பிங்கில் என் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் பதில் இன்று வந்தது. "தம்பி, நீ என் கையால் மீன் குழம்பு தின்று ரெண்டு வருஷமாச்சே. இப்ப எதுக்கு நன்றி? காய்ச்சலா? டாக்டரிடம் காட்டு" என்று எழுதியிருக்கிறாள்.

அம்மையாரே, தங்கள் குரலைக் கேட்டுப் புறாக்கள் பறந்தது பயத்தால் அல்ல. வானத்துக்குச் செய்தி சொல்லப் பறந்தன. தங்கள் குழம்பை ராஜாக்கள் கண்ணால் கண்டிருந்தால் அரண்மனையை விற்று உங்கள் தெருவில் வாடகைக்கு வந்திருப்பார்கள். என் நாக்கை வெட்டி அனுப்பலாம் என்றால் தபாலாபீஸில் ஈரச் சாமான் எடுப்பதில்லையாம். ஆகவே பாலிக் பூலாவ் சாதிக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி ஆள்வசம் அனுப்பியிருக்கிறேன்.

தெரேசா என்னோடு பேசுவதில்லை. கோப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று மட்டும் வாசற்படியில் நின்று, "மாமா, நீங்க எழுதினதை அவரு வாயாலேயே அவங்க அம்மாவுக்குப் படிக்க வச்சிட்டீங்க. இனி நான் எந்த முகத்தோட அங்க போவேன்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு.

தங்கள் பாத தூளி,
அருளப்பன்


† சேசு மரி சூசை துணை

புக்கிட் மெர்தாஜம்
11-7-1932

அருளப்பன் அவர்களுக்கு,

சாதிக்காய் வந்தது. சலேஹா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நல்லா இருக்கிறதாம்.

நீங்கள் முதலில் எழுதியதையும் படித்தேன், பிறகு எழுதியதையும் படித்தேன். அதில் என் பாட்டுக்கு ரயில் ஊதுகிறது. இதில் என் குழம்புக்கு ராஜா வீடு விற்கிறார். இரண்டு பேரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

பாட்டையும் குழம்பையும் பற்றி எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார். கடலில் போடுவது என்ற ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது. மற்றதெல்லாம் "வேடிக்கை இருக்கட்டும்" என்பதற்கு மேலே இருந்தது. அது கீழே இருந்தது.

பெஞ்சமின் வேலைக்குப் போகிறான், வருகிறான். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறான்.

அந்த வரி நிஜமா என்று எழுதுங்கள். எதையும் பெரிதாக்காமல் எழுதுங்கள். ராஜா வேண்டாம், புறா வேண்டாம். ஒரு பக்கம் போதும். அதைப் படித்துவிட்டு சுவாமியாரிடம் போகிறேன், போகவேண்டியது இருந்தால்.

அமலம்மாள்


† சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
13-7-1932

அமலம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

உங்கள் குரல் பெரிய குரல், நல்ல குரல். குழம்பில் காரம் கொஞ்சம் அதிகம். மூன்று தட்டும் ருசிக்காகத்தான் சாப்பிட்டேன்.

அந்த வரி உங்கள் வீட்டைப் பற்றியது அல்ல. தெரேசா சின்னப் பிள்ளையாக, கன்வென்டில் படிப்பதற்கு என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அங்கேயே டீச்சர். என் மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று உங்கள் அடுப்படியில் நீங்கள் ஏதோ சொன்னீர்கள். தெரேசா சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகிறது. நான் பேசும்போது சிரிப்பாள். அது வேறே, எனக்காகச் சிரிப்பது.

திரும்பி வரும்போது ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பாடிய பாட்டை வாய்க்குள் பாடியபடியே வந்தாள். அவள் மனசு அக்கரையிலேயே நின்றுவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வேடிக்கையாக எழுதினேன்.

நடுவில் இருப்பது சின்னக் கடல். ஆனாலும் கடல்.

அவளுக்குப் பெஞ்சமினைப் பிடித்திருக்கிறது. ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும்.

அருளப்பன்


† சேசு மரி சூசை துணை

புக்கிட் மெர்தாஜம்
15-7-1932

அன்புள்ள தம்பி அருளப்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டு நானே படித்தேன். பிறகு பெஞ்சமினிடம் கொடுத்தேன். அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? ஒரு புறாகூட இல்லையே" என்றான். நேற்று இரவு தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

காலையில் சுவாமியாரைப் பார்த்தேன். "நிறுத்தச் சொன்னீங்களே அம்மா?" என்றார். "பெண்ணோட மாமாவுக்குப் பேச்சில் காய்ச்சல் கண்டிருந்தது சாமி, இறங்கிடுச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓலை வாசிப்பார்கள். உங்கள் சவேரியார் கோயிலுக்கும் எழுதிவிட்டார். தெரேசாவிடம் சொல்லுங்கள், எந்த முகத்தோடு வருவது என்று அவள் யோசிக்க வேண்டாம். அன்று வந்த முகமே போதும், எனக்குப் பிடித்திருந்தது.

26-ந் தேதி அன்னம்மாள் திருநாள். தைப்பிங் அக்காவையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் வாருங்கள். கோயிலில் நான் பாடுவேன். முதல் அடியிலேயே உங்கள் கிட்டங்கியின் தகரக் கூரை கழன்று சுமத்ராவில் போய் விழுந்தால் நான் ஜவாப்தாரி அல்ல. குழம்புக்கு மிளகாயைக் குறைக்க மாட்டேன். சாதிக்காய் இன்னொரு ஜாடி கொண்டுவாருங்கள், முன்னது எனக்குக் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு தெரேசா அங்கே வருவாள், மறு ஞாயிறு நீங்கள் இங்கே வரவேண்டும். மழை, முட்டிவலி, ஏழு கடல், எந்தச் சாக்கும் எடுபடாது. இருப்பது ஒரு கடல்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இனி எங்கள் இரண்டு பேருக்கும் "அன்புள்ள அக்காவுக்கு" என்றே எழுதுங்கள். கவரை ஒட்டுவதற்கு முன்னால் மட்டும் தெரேசாவிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
அக்கா,
புக்கிட் மெர்தாஜம்