ஒப்பீட்டு ஊர்

சுற்று 11, நாள் 1
2081 மே 6. காலை 07.10. வெளி வெப்பம் 41. கூண்டுக்குள் 27.

கருவிகள் ஒழுங்காக இயங்குகின்றன. ஊரணியில் நீர் 31 செ.மீ. உப்பு, குடிக்கத் தகும் அளவைப் போல் மூன்று மடங்கு.

எழுதுவது ஜெபகனி, கள ஆய்வாளர். இதை யார் கண்டெடுப்பீர்களோ தெரியாது, அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது கிலோமீட்டர் வடக்கே கொக்காடியேந்தல். அந்த ஊருக்குத் தகவமைப்புத் திட்டம் கிடைத்திருக்கிறது: நன்னீர் ஆலை, உப்பைத் தாங்கும் நெல், நிழல்வலை போட்ட மிளகாய்த் தோட்டம். இந்தச் சிறுபனையேந்தலுக்கு எதுவும் கிடையாது. இது ஒப்பீட்டு ஊர். உதவி பெற்றவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று சொல்ல, உதவி பெறாதவர்கள் யாராவது வேண்டும் அல்லவா. பன்னிரண்டு சுற்று விசாரணை. வித்தியாசம் தெரிந்தால் திட்டம் இங்கேயும் வரும். தெரியாவிட்டால் அங்கேயும் நின்றுவிடும். இது ஊராருக்குத் தெரியக் கூடாது.

ஊருக்குப் பக்கத்தில் நிறுத்திய இந்தக் கண்ணாடிக் கூண்டை விட்டு நான் வெளியே போகக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. கதவு, ஆய்வை நடத்தும் மையத்தின் பொறுப்பு. எனக்கான உணவுப் பொட்டலங்களை ஆளில்லாச் சிறு விமானம் கூரையில் இறக்கிவிட்டுப் போகும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாப்பிடுகிறேன்.

சுற்று 11, நாள் 2
காலை 10.40. வெப்பம் 43.

கேள்வி 9: நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? 38 வீடுகளைக் கேட்டேன். 38 வீடும் மூன்று என்றது. பத்துச் சுற்றாக இதே பதில்.

கடைசியாக வந்தவள் பூமயில். வயது 36. மிளகாய் நிலம் உப்பேறிப் போய்விட்டது. புருஷன் கடலோடு போனவன். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. கேமரா குழந்தையின் மேல்கைச் சுற்றளவை அளந்தது: 11 செ.மீ. அந்த வயதுக்கு இது ஆபத்தான அளவு.

ஒலிப்பதிவு: "மூணு வேளையும் தின்னாச்சு தாயி. ஒரு கொறையுமில்ல. நீங்க சாப்டியளா?"

சாப்பிட்டேன் என்றேன். அன்று பதிவான ஒரே உண்மை அதுதான்.

38 கூரைகளில் ஆறில்தான் புகை வந்தது. புகைக்குப் படிவத்தில் கட்டமில்லை. இந்த ஊரில் வந்த ஆளிடம் சாப்பிடவில்லை என்று சொன்னால் கையேந்தியது போல. அவர்களுக்கு நான் விருந்தாளி, கண்ணாடிக்குள் இருந்தாலும். கும்பி கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது என்று என் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இவர்கள் பூவும் கேட்கவில்லை.

மையத்துக்கு எழுதினேன். பதில்: "வீட்டார் சொன்னதே தரவு. ஆய்வாளர் கண்டது தரவாகாது."

சுற்று 11, நாள் 9
மாலை 04.15. வெப்பம் 44.

சராசரி வந்தது. கொக்காடியேந்தல் 2.9 வேளை. சிறுபனையேந்தல் 3.0. அங்கே நாலைந்து பேர் நேற்று ஒரு வேளை தவறிவிட்டது என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். வயிறு நிறைந்தவர்களுக்கு உண்மை சொல்வது சுலபம்.

இன்னும் ஒரு சுற்றுதான் இருக்கிறது.

சுற்று 12, நாள் 1
2081 செப்டம்பர் 2. காலை 08.05. வெப்பம் 42. ஊரணி 9 செ.மீ.

வீடுகள் 31. ஏழு வீட்டார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

விதியை மீறினேன். ஒலிபெருக்கியில் பூமயிலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஊர், இந்த ஊர், எதற்காகக் கேட்கிறோம், மூன்று என்று சொன்னால் என்ன ஆகும். நான்கு நிமிடம் பேசினேன். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒலிப்பதிவு: "அப்ப இத்தன நாளா எங்க வாயில நாங்களே மண்ணப் போட்டுக்கிட்டமா?"

ஆமாம் என்றேன். வீடு வீடாகச் சொல்லப் போய்விட்டாள்.

சுற்று 12, நாள் 2
காலை 11.30. வெப்பம் 45.

ஒலிப்பதிவு, பூமயில்: "நேத்து ஒரு வேள. பிள்ளைக்கு மட்டும். நான் சாப்டல."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். ஆண்கள் சிலர் கண்ணாடிப் பக்கம் வராமல் வேலிக்கு அப்பால் நின்று விரலைக் காட்டினார்கள். ஒரு விரல். சிலர் விரலையும் மடக்கிக்கொண்டார்கள். 31 வீடும் முடிந்தது. சராசரி 0.8.

சந்தோஷப்பட்டேன். அடுத்தவர் பசியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சுற்று 12, நாள் 4
மதியம் 01.00.

மையத்திலிருந்து: "பதினொரு சுற்றுகளில் 3.0. பன்னிரண்டாவதில் 0.8. கேள்விகளுக்கு முன் ஆய்வாளர் நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். இவை சொல்லிக்கொடுத்த பதில்கள். சுற்று 12 நீக்கப்படுகிறது. முடிவு: வித்தியாசம் இல்லை. கொக்காடியேந்தல் ஆலை 15ஆம் தேதி நிறுத்தப்படும். உதவியின்றித் தாக்குப்பிடித்த சிறுபனையேந்தல் முன்மாதிரி ஊராக அறிவிக்கப்படுகிறது. வாழ்த்துகள்."

ஆறு முறை எழுதினேன். ஆறும் திரும்பி வந்தன. ஆய்வு முடிந்ததால் இணைப்பு மூடப்பட்டதாம். என்னை எப்போது அழைத்துப்போவார்கள் என்று அதில் இல்லை.

சாப்பிட்டேன். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 16
காலை 06.20. உள்ளே 39, வெளியே 40.

விமானம் வரவில்லை. குளிரூட்டி நின்றுவிட்டது. கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒப்பீடு முடிந்தபின் பூட்டுக்கு வேலையில்லை. மீதி 26 பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனேன். பத்து மணிக்குத் தீர்ந்துவிட்டது. பூமயிலின் குழந்தை பாதியைக் கக்கிவிட்டது. பூமயில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவள் வீட்டில் தங்கச் சொன்னாள். தங்கினேன்.

செப்டம்பர் 24
காலை 07.50. வெப்பமானி வேலை செய்யவில்லை. கைப்பதிவியின் மின்கலம் 4 விழுக்காடு.

ஊரணியின் வடக்குக் கரையில் ஆட்கள். முதலில் நாற்பது எண்ணினேன். இப்போது 212. பாத்திரம், பாய், குழந்தைகள். கொக்காடியேந்தல்காரர்கள். ஆலை நின்று ஒன்பது நாள் ஆகிறது.

கைப்பதிவியில் பதிந்தது, முன்னால் வந்த பெண்: "இங்கன ஒரு ஒதவியும் இல்லாம மூணு வேள சாப்பிடுறாகன்னு ரேடியோவுல சொன்னாக. அதான் பிள்ளகுட்டியோட வந்துட்டோம்."

பூமயில் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இப்போதாவது இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

பூமயில்: "இம்புட்டு தூரம் நடந்தா வந்திய? உக்காருங்க. ஒல வைக்கிறேன்."

08.25. அவள் கூரையில் புகை. வீட்டில் ஒரு குத்து அரிசி இல்லை. உலையில் ஊரணித் தண்ணீர்தான் கொதிக்கிறது. 212 பேரும் வரிசையாக உட்கார்ந்து புகையைப் பார்க்கிறார்கள். வடக்கே இன்னும் கூட்டம் தெரிகிறது. மற்ற ஊர்களிலும் ரேடியோ இருக்கும்.

08.40. மின்கலம் 1. பூமயில் தட்டு போட ஆரம்பித்துவிட்டாள். தட்டு போதவில்லையாம். கூண்டில் இருப்பதையும் கொண்டுவரச் சொல்கிறாள். எடுத்துக்கொண்டு