ஒரு மணி நேரப் பிழை

27 அக்டோபர் 2025, திங்கள்

மடிக்கணினியைத் திறந்ததும் நாற்பத்தொரு புகார்கள். எல்லாம் ஜெர்மனியில் ஒரே நகராட்சியிலிருந்து. குளிர்காலம் என்று நேற்று ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்று அங்கே எல்லாக் கூட்டமும் ஒரு மணி நேரம் தப்பிப் போயிருக்கிறது.

அந்த நாட்காட்டி மென்பொருள் என்னுடையது. கொடைக்கானல் பஜாரில் அத்தாவின் தைல, சாக்லேட் கடை மாடியில் உட்கார்ந்து ஆறு வருடமாக எழுதுகிறேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

6 நவம்பர், வியாழன்

காணொளிக் கூட்டம். ஜெர்மனியில் இருக்கும் லீனா எழுதிய மின்னஞ்சல் மென்பொருள், யோஹான் எழுதிய ஆவண மென்பொருள், என் நாட்காட்டி — மூன்றும் சேர்ந்துதான் அந்த நகராட்சிக்குச் சோதனை ஓட்டமாகப் போயிருக்கின்றன. இதுவரை அவர்களுடைய கோப்பும் கடிதமும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிகளில் கிடந்தன. அது ஒருநாள் கதவைச் சாத்தினால் ஊர் நிர்வாகமே நின்றுபோகும். அந்தப் பயத்தில்தான் எங்களிடம் வந்தார்கள். பதினோராயிரம் ஊழியர்கள்.

மார்ச் 29 அன்று மறுபடி கடிகாரம் மாறும். அப்போதும் தப்பினால் பழைய நிறுவனத்திடமே போய்விடுவார்களாம்.

யோஹான் சுற்றி வளைக்கவில்லை. "ஷாஸியாவின் பகுதியை விட்டுவிடலாம். நாங்களே புதிதாக எழுதிக்கொள்கிறோம்."

நான் திரையில் இருக்கும்போதே சொன்னார்.

7 நவம்பர்

அத்தா பார்த்துவிட்டார். "என்னம்மா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?"

சொன்னேன்.

"கடிகாரத்த மாத்துறது அவங்க சோலி. நீ எதுக்கும்மா அழுகுற?"

"தப்பு என்னோடதானான்னே இன்னும் தெரியலயே அத்தா, அதுக்குத்தான்."

பிப்ரவரி கடைசி வரை அவகாசம் கேட்டு யோஹானுக்கு எழுதினேன். "சரி" என்று ஒரே சொல் வந்தது.

2 டிசம்பர்

கண்டுபிடித்துவிட்டேன்! ஒரு கூட்டத்துக்கான அழைப்பு எங்கள் மூவரில் யாராவது இருவரின் மென்பொருள் வழியாகப் போகிறது. நேரத்தை அந்த இருவருமே ஆளுக்கு ஒருமுறை திருத்துகிறோம், ஒரு மணி நேரம் கூடுதலாக நகர்ந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாருமே சரி. சேர்ந்தால் தப்பு.

ஒருவர் மட்டும் திருத்த வேண்டும். மற்ற இருவரும் தாங்கள் எழுதியதை அழிக்க வேண்டும். யார் சம்மதிப்பார்கள்?

14 ஜனவரி 2026, புதன்

நாலாயிரம் கூட்டங்களை வைத்துச் சோதனை செய்தேன். மூன்றில் லீனாவுடையதுதான் சுத்தமானது. ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேரம் திருத்தும் என் பகுதியை அழித்தேன். இரண்டாயிரத்து முந்நூறு வரிகள். இந்த ஆறு வருடத்தில் நான் அதிகம் பெருமைப்பட்டது அந்த வரிகளை நினைத்துத்தான். சோதனைகள் மொத்தத்தையும் இருவருக்கும் அனுப்பிவிட்டேன்.

20 ஜனவரி

யோஹானிடமிருந்து பதில் இல்லை.

24 பிப்ரவரி, செவ்வாய்

நோன்பு. மதியம் லேசாகக் கண்ணயர்ந்து எழுந்தால், யோஹானும் தன் பகுதியை அழித்திருக்கிறார்! கூடவே ஒரு குறிப்பு: "அன்று அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். உன் சோதனைகளை ஓட்டிப் பார்த்தேன். நாலாயிரத்தில் ஒன்றில்கூட நேரம் தப்பவில்லை."

நாலு தடவை படித்தேன்.

29 மார்ச், ஞாயிறு

அங்கே கடிகாரம் மாறிவிட்டது. அலுவலகம் நாளைதான்.

30 மார்ச்

ஒரு புகாரும் இல்லை. பதினோராயிரம் பேர், ஒரே ஒரு புகார்கூட இல்லை!

நான் போட்ட கூச்சலில் அத்தா மாடிப்படி ஏறி ஓடி வந்தார். "என்னம்மா, பாம்பு கீம்பு வந்துருச்சா?"

"ஜெயிச்சுட்டோம் அத்தா!"

கீழே போய், கடைக்கு வந்த சுற்றுலாக்காரர்களுக்கெல்லாம் சாக்லேட்டை அள்ளி அள்ளிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஜெர்மனிக்காரவுகளுக்கு டயத்த சரி பண்ணிக் குடுத்துட்டா எம் மக" என்றார்.

21 ஏப்ரல், செவ்வாய்

நகராட்சி நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. இன்னும் நாலு ஊர்கள் கேட்டிருக்கின்றன. மூன்று திட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பொதுக்குழு அமைத்திருக்கிறோம். அதற்குத் தலைவியாக என் பெயரைச் சொன்னது யோஹான்.

இதுவரை கூட்டமெல்லாம் அவர்கள் வசதிப்படிதான் நடக்கும். இன்றைய கூட்டத்தை நம் நேரம் காலை பத்தரைக்கு வைத்தேன். அங்கே ஏழு மணி. யோஹான் தலைகூடச் சீவாமல் வந்திருந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள்.