ஓசை நிறுத்திய படம்

பாப்பாவுக்கு,

திருத்தணி மலையடி மண்டபத்தில் நீ வைத்திருக்கும் கண்காட்சியை நேற்றுப் பார்த்தேன். நூல்கண்டுகளைத் தொங்கவிட்டு, நடுவே பெரிய திரையில் எங்கள் விசைத்தறிக் கூடத்துப் பெண்களை நீ எடுத்த படத்தை ஓட்டியிருக்கிறாய். ஓசையை நிறுத்திவிட்டு ‘குரலற்றவர்கள்’ என்று பெயரும் வைத்திருக்கிறாய். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யாருக்கடி குரல் இல்லை? தறிச் சத்தத்தில் நாங்கள் உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கொள்வோம்? அங்கேயே வளர்ந்தவள் நீ. நான் வாயசைத்தால் சோறு தின்ன ஓடிவருவாய்.

திரையில் ஷோபனா அத்தை உன்னைப் பார்த்து என்ன சொல்கிறாள்?

“பாப்பா, மேஸ்திரி கைய புடிச்சி இழுக்கறான். யாராண்டயாவது சொல்லும்மா.”

உனக்குப் புரியவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று அதைத்தான் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறாய்.

மாலையில் மேஸ்திரியும் வந்தான். அவனும் அதே கூடத்தில் நின்று பழகியவன்தான். அவள் முகம் மறுபடி வரும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுப் போனான்.

இன்று காலை ஷோபனாவின் தறியில் வேறொருத்தி நிற்கிறாள். ஷோபனா நம் வாசலுக்கு வந்தாள்.

“உன் பொண்ணாண்ட மட்டுந்தானடி சொன்னேன்? அவனுக்கு எப்டி தெரிஞ்சிது?”

எனக்குத்தான் குரல் வரவில்லை. நீயே வந்து அவளுக்குப் பதில் சொல்.

உன் அம்மா