கையெழுத்துக்கு மட்டும் சாட்சி

13-2-1989, திங்கள்

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில், நான் ஆட்களின் வருகை எழுதுகிற டைம் ஆபீசில் மின்விசிறி மாட்டிவிட்டார்கள். மூன்று வருடமாகக் கேட்டும் கிடைக்காதது. மானேஜர் வைகுண்டராஜ் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ, காற்று நல்லா வருது சார் என்று பல்லைக் காட்டினேன்.

சாயங்காலம் கூப்பிட்டு நாற்காலி போட்டார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இன்றுதான்.

"பரிபூரணம், போன மாசம் இருபத்தினாலாம் தேதி பிச்சையம்மா டூட்டிலயே இல்லையாமே?"

இல்லையா? அன்று காலை ஆறு பத்துக்கு அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதியது நான். பேண்டேஜ் சுருள் வெட்டுகிற மெஷினில் அவள் வலது கை மாட்டி, இரண்டு விரல் தரையில் கிடந்ததைப் பார்த்ததும் நான். அந்த மெஷினின் மூடியைக் கழற்றிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. இப்போது நஷ்டஈடு கேட்டு மதுரையில் மனுப் போட்டிருக்கிறாள்.

"அவ யாரையோ பாக்க வந்திருக்கா. வந்த எடத்துல கைய விட்டுட்டா. அப்படின்னு ஒரு அபிடவிட். நோட்டரி முன்னால சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இருபத்தினாலாம் தேதிப் பக்கம் புதிது. பிச்சையம்மாள் இல்லை. எழுத்து என்னுடையதைப் போலவே இருந்தது. என்னுடையதைவிட அழகு.

"அடுத்த மாசத்துல இருந்து நீங்க பெர்மனண்ட்."

பதினோரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்துக் கிடைக்காதது ஒரு பொய்க்குக் கிடைக்கிறது. ரொம்பச் சல்லிசு.

14-2-1989, செவ்வாய்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தனுஷ்கோடி என்றால் எங்கள் சபையில் தெரியாதவர் இல்லை. ஞாயிறுதோறும் எழுந்து நின்று சாட்சி சொல்வார். ஆண்டவர் தன்னை உண்மையின் வழியில் நடத்திய விதத்தை அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முழுவதையும் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"ஏட்டி, ஒரு கையெழுத்துத்தான? போட்டா உன் கை தேஞ்சா போயிரும்?"

தேயாது. கை போனது வேறொருத்திக்கு.

20-2-1989, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். மானேஜரின் அம்பாசடர் காரில், முன்சீட்டில். எங்கள் ஊர் ராஜபாளையத்தில் நோட்டரி இல்லாமலில்லை. ஆனால் அவர் வீடு பிச்சையம்மாளின் தெருவில்.

கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறை. நோட்டரி ஆவுடையப்பன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தியம் என்றதும் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். கையை உயர்த்தச் சொல்வார், கண்ணைப் பார்த்துக் கேட்பார், அப்போது நாக்கு குழறும், விஷயம் வெளியே வந்துவிடும் — வந்தால் நல்லதுதான் என்றுகூட ஒரு ஆசை. அவர் இடது கையால் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வலது கை சட்னியில்.

"பேரு சரியா அடிச்சிருக்கா?"

"சரியா இருக்குங்க."

"கீழ போடும்மா."

"ஒருதடவ படிச்சுப் பாத்துக்கிடட்டுமா ஐயா?"

"படிச்சா மாறிரவா போகுது?"

போட்டேன். கை கழுவிவிட்டு வந்து முத்திரை குத்தினார். 'மேற்படியார் என் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்து, வாசகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்.' நான் பிரமாணமும் செய்யவில்லை, படிக்கவுமில்லை. ஆக அந்தத் தாளில் பொய் சொன்னது நான் மட்டுமில்லை. அது ஒரு ஆறுதல்.

எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். பிறகு பால்கோவா வாங்க மானேஜர் இருபது நிமிடம் நின்றார். எனக்கும் ஒரு பெட்டி.

21-2-1989

பால்கோவாவைப் பிள்ளைகள் தின்றார்கள். நான் தொடவில்லை. பெரிய தியாகி.

26-2-1989, ஞாயிறு

இவர் இன்றும் சாட்சி சொன்னார். வழக்கத்தைவிட நீளம். என் மனைவிக்கு வேலையில் ஓர் ஆசீர்வாதம் வரப்போகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

2-3-1989, வியாழன்

பிச்சையம்மாள் வந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு.

கையில் கட்டு. எங்கள் கம்பெனித் துணிதான், பார்த்தாலே தெரிந்தது. அதிலும் தள்ளுபடி ரகம்.

"அக்கா, நான் அன்னைக்கி வேலைக்கே வரலைன்னு கம்பெனியில சொல்லுதாகளாம். நீங்கதான பேரு எழுதுனீக? பத்து நிமிசம் லேட்டுன்னு வஞ்சீகளே, ஞாவகம் இருக்கா? வஞ்சதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கக்கா, போதும்."

சிரித்துக்கொண்டே கேட்டாள். என்னிடம் கேட்டால் கிடைத்துவிடும் என்று வந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பை அறைந்து கலைத்திருக்கலாம் — இல்லை, என்னை அறைந்திருக்கலாம்.

பாப்போம் என்றேன். பாப்போமாம்! என்னத்தப் பாக்கப் போற? பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்ட?

"உங்களுக்குச் சோலி கெடக்கும், பொறவு வாரேன்" என்று அவளே எனக்குச் சாக்கும் சொல்லிவிட்டுப் போனாள்.

6-3-1989, திங்கள்

லீவு போட்டேன். தலைவலி என்று எழுதினேன். இந்த வருடத்தில் நான் எழுதிக்கொடுத்த பொய்களிலேயே சின்னது.

பஸ்சில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவரிடம் நான் சொல்லச் சொல்ல அடித்தார். அதே ஆவுடையப்பன். இன்று வெற்றிலை. என்னை அடையாளம் தெரியவில்லை.

"பேரு சரியா அடிச்சிருக்கா?"

"இருக்கு. நீங்க செத்த படிச்சுப் பாருங்க ஐயா."

"எதுக்கு?"

"படிச்சுட்டுப் போடுங்க. நான் இருக்கேன்."

எரிச்சலோடு கண்ணாடியை மாட்டினார். இரண்டாம் பாராவில் வாய் அசைவது நின்றது. 'நான் 20-2-1989 அன்று நோட்டரி ஆவுடையப்பன் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம் பொய். பிச்சையம்மாள் பணியில் இருந்தார். பதிவேட்டின் பக்கம் மாற்றி எழுதப்பட்டது.'

"அது நான் சீல் போட்டதுதான?"

"ஆமா ஐயா."

"அப்ப எதும்மா உண்மை?"

"ரெண்டுலயும் உங்க சீல்தான் இருக்கப் போகுது. நீங்கதான் சொல்லணும்."

எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நான் கையெழுத்துக்குத்தான் சாட்சி. உள்ள இருக்க சங்கதிக்கு இல்ல. ஆனா நீ ரெண்டுக்கும் பொறுப்பு. மொதத் தாளு பொய்யின்னா உன் மேல கேசு போடலாம். வேலையும் போயிரும். புள்ளகுட்டி இருக்கா?"

"ரெண்டு."

"யோசிச்சுப் பாரு."

பயமாகத்தான் இருந்தது. உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு போட்டேன். இந்தத் தடவை கையை உயர்த்தச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். அந்த மனுஷன் தொழிலில் அது எத்தனையாவது தடவையோ.

தபால் ஆபீசுக்குப் போய் மதுரை விசாரணை அதிகாரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். டீ நன்றாக இல்லை.

15-3-1989, புதன்

மதுரையிலிருந்து என் தாளின் நகல் கம்பெனிக்கு வந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். தற்காலிகப் பணியாளர் என்பதால் காரணம் சொல்லத் தேவையில்லையாம். வைகுண்டராஜ் சாரே தாளை நீட்டினார்.

"உங்களப் போய் நம்புனேன் பாருங்க."

நல்ல மனுஷன். உண்மையிலேயே மனசு நொந்துதான் சொன்னார்.

19-3-1989, ஞாயிறு

இவர் இன்று சாட்சி சொல்லவில்லை. தொண்டை சரியில்லையாம்.

18-7-1989, செவ்வாய்

மதுரையில் விசாரணை. கம்பெனி வக்கீல் இரண்டு தாளையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்தார். "அம்மா, நீங்கள் அன்று பொய் சொன்னீர்களா, இன்று சொல்கிறீர்களா?"

"அன்னைக்கு."

"ஏன்?"

"பெர்மனண்ட் ஆக்குறேன்னு சொன்னாங்க."

அதிகாரி சிரித்தேவிட்டார். நானும் சிரிக்கப் போனேன். அப்போது பிச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முதல் தாள் ஒன்று இருந்தது என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்திருக்கிறது.

வெளியே வராந்தாவில் பக்கத்தில் போனேன்.

"நான் ஜன்னல்ட்ட வந்து நின்னேன்ல, அப்பவே குடுத்துட்டீகளா?"

"ஆமா."

"சிரிச்சுப் பேசுனேனே உங்ககிட்ட."

அவ்வளவுதான். போய்விட்டாள். என் மேல் கேசு போட்டிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. நான் மட்டும் என்ன எதிர்பார்த்துப் போனேன்? மாலை போடுவாள் என்றா?

9-11-1989

பிச்சையம்மாளுக்குச் சாதகமாக உத்தரவு வந்துவிட்டதாக மார்க்கெட்டில் சொன்னார்கள். நேரில் வந்து சொல்லவில்லை. ஏன் வர வேண்டும்?

வத்திராயிருப்பில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். போய்ப் பார்க்க வேண்டும்.

14-3-1990, புதன்

வத்திராயிருப்பு வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போக வர தினமும் பஸ். முதலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அங்கே எல்லோரும் உண்மையைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது ஒரே நெரிசல். ஏறிப் பார்த்தால் மூன்றாவது சீட்டில் பிச்சையம்மாள், மடியில் கூடை நிறைய கொய்யாப்பழம். இப்போது பழ வியாபாரம் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எதையோ பார்ப்பதுபோல நின்றேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

இரண்டு ஸ்டாப் போனது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் இறங்கினார். அவள் கூடையைக் கீழே இறக்கிவிட்டு ஜன்னலோரமாக நகர்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் வேறொருத்தி உட்கார வந்தபோது மூன்று விரல் கையைச் சீட்டின் மேல் வைத்து, "ஆளு வருது" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். ராஜபாளையம் வரைக்கும் கூடை எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் இருந்தது.