பூட்டிய வீட்டில் மாதா

இயேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்,
9 அக்டோபர் 2007

அன்பு மகள் ஞானஜோதிக்கு,

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று உன் அண்ணன் ஏசுதாசன் கூடத்தில் நின்றுகொண்டு உன்னிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. காது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அவன் சொன்னது தவறு. பூட்டை உடைக்கச் சொன்னது நான்தான். பட்டப்பகலில், தெளிந்த புத்தியோடு சொன்னேன். "யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டு" என்றும் சொன்னான். யாரோ இல்லை, எதிர்வீட்டு அமீருதீன். நம் வாசல் கிரில் கேட்டைத் தன் பட்டறையில் செய்து மாட்டியவரே அவர்தான்.

நீ மஸ்கட்டுக்குப் போன பிறகு வந்த வழக்கம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நம் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து அன்பியம் என்று நடத்துகிறோம். அக்டோபர் மாதம் முழுவதும் கண்ணாடிக் கூண்டில் வைத்த மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் எல்லாரும் வந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தது. அடுத்தது ஞானையா வீடு. அவர் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏற வேண்டும். "போறதுக்கு முன்னாடி மாதா எங்க வீட்ல கொஞ்ச நேரமாவது இருக்கணும் டீச்சரம்மா" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கேட்டாள். நான்கு மணிக்கு வாருங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். உன் அண்ணியிடமும் சொன்னேன், சாவியை விட்டுப் போகச் சொல்லி. அவள் தலையாட்டினாள். காலையில் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் வழக்கம்போல வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வழக்கம்போல என்று எழுதிவிட்டேன். உனக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து அவர்கள் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறார்கள்.

நான்கு மணிக்குப் பாட்டோடு மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் மாதாவும். கண்ணாடிக் கூண்டு கம்பிச் சந்தில் நுழையாது. ஏசுதாசனுக்குப் போன் செய்தால் மறைமலை நகர் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாதாம். உன் அண்ணி வகுப்பில் இருக்கிறாள், போன் அணைந்திருக்கிறது. "மாதாவையும் சேத்து ஹவுஸ் அரெஸ்டா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பூட்டிக் கிடப்பது அன்றுவரை தெருவுக்குத் தெரியாது, ஜோதி. நானாக வெளியே வருவதில்லை என்றே நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

ஞானையாவின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பயணத்துக்குக் கட்டிய புடவையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அமீருதீனைக் கூப்பிட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, நான் மாட்டுன கேட்டை நானே ஒடைக்கிறதா? உங்க புள்ள என்னைத் திட்டுவாரே" என்றார்.

"கேட்டை இல்லை, பூட்டை. திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்."

ரமலான் நோன்பு. மதியத்திலிருந்து படுத்திருந்தவர் எழுந்து வந்து ஆக்ஸா பிளேடால் அறுத்தார். "தண்ணி குடிங்க பாய்" என்று யாரோ யோசிக்காமல் நீட்டினார்கள். "ஆறு மணிக்கு மேல நோன்பு தொறக்கறப்போ குடு, சொம்போட குடிக்கிறேன்" என்றார். பூட்டு விழுந்ததும் கூண்டை ஒரு பக்கம் அவரே பிடித்து வாசற்படி இறக்கிக் கொடுத்தார். நான் ஞானையா வீடு வரைக்கும் நடந்து போனேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு வார நாளில் நான் தெருவில் நடந்தது அன்றைக்குத்தான்.

ராத்திரி உன் அண்ணன், "ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிட்டீங்களேம்மா" என்றான். மறுநாள் அதைவிடப் பெரிய பூட்டு வாங்கி வந்தான். அன்று முதல் நான் அவனோடு பேசவில்லை.

என்னிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். அதை நீ அவனிடம் சொல். நீ சொன்னால் கேட்பான். இந்தக் கடிதத்தை அமீருதீன் மனைவி ஜஹீரா கம்பி வழியாக வாங்கித் தபாலில் போடுகிறாள்.

குழந்தைக்குப் பல் வந்ததா? கடிதத்தில் தேதி போட மறக்காதே.

அன்புள்ள அம்மா,
ரோசலின் லாசரஸ்


ரூவி, மஸ்கட்,
24 அக்டோபர் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

தேதி போட்டுவிட்டேன். குட்டிக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, என் தோளைக் கடித்துப் பார்க்கிறான். ஞானஸ்நானத்தை நம் தாம்பரம் கோவிலிலேயே டிசம்பர் முப்பதாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று சாமியாரிடம் கேட்டாயிற்று. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவன். அப்பா பெயரைத்தான் வைக்கிறோம், லாசரஸ் என்று. தொட்டியருகே அவனை நீங்கள்தான் ஏந்த வேண்டும்.

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபின் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினேன். அண்ணனோடு பேசாமல் இருக்காதீர்கள். பூட்டச் சொன்னது அண்ணன் இல்லை, நான்தான்.

கேஸ் அடுப்புப் பார்க்க வந்தோம் என்று சொல்லிப் பின்தெருவில் ஒரு பாட்டியைக் கட்டிப்போட்டு நகையைப் பறித்தார்களே, அதை நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். "எனக்கென்ன பயம், யார் வந்தாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பேன்" என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு என்னால் எதுவும் சாப்பிட முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு அழுதேன். "அம்மாவைப் பூட்டறதா, உனக்கு என்ன பைத்தியமா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான்தான் விடாமல் அழுது சத்தியம் வாங்கினேன்.

அப்பா இறந்தபோது நான் விமானத்தில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி வந்து நிற்க என்னால் முடியாது. இன்னும் ஒரு வருடத்தில் நாங்களே ஊருக்கு வந்துவிடுவோம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஊருக்கு வருகிற ஒருவரிடம் உங்களுக்கென்று ஒரு செல்போன் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
ஜோதி


இயேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்,
12 நவம்பர் 2007

அன்பு மகள் ஜோதிக்கு,

பெயரைப் படித்ததும் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, அவர் இருந்தவரை. இனி நாளெல்லாம் கூப்பிடலாம்.

மற்றதையும் படித்தேன். ஏசுதாசனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, கடிதத்தையும் காட்டினேன். இரண்டு முறை படித்தான். பிறகு, "அவ வேணாம்னு எழுதட்டும்மா, அன்னிக்கே சாவியைக் குடுத்துடறேன். நான் குடுத்து உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றான். நடுவில் மாட்டிக்கொண்டு அவனும் இளைத்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

ஞானையாவின் மனைவி பிழைத்து வந்துவிட்டாள். கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். நலம் விசாரிக்க நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆபரேஷன் ஆன உடம்போடு அவள் என்னைப் பார்க்க வருகிறாள். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. இங்கே இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. சாமியார் கல்லறைகளை மந்திரிக்கும் நேரத்தில் நான் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பாவுக்கு ஞானையா மெழுகுவர்த்தி ஏற்றினாராம். ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் கூட்டிப்போனார்கள். மெழுகு உருகி ஓடிக் கிடந்தது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நீ பிறந்த நாளிலிருந்து நானும் பயந்திருக்கிறேன். கடல் தாண்டிப் போகிறேன் என்றபோது பயந்தேன், ஆனால் உன் பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்கவில்லை. திருடன் உள்ளே வராமல் இருக்கப் பூட்டினாய். அடுப்பில் தீப்பிடித்தால் நான் எந்த வழியாக வெளியே போவது என்று யோசித்தாயா? பக்கத்தில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் நான் போய் நிற்க வேண்டும், ஜோதி. கோவிலுக்குப் போவதைவிட எனக்கு அது முக்கியம். அது இல்லாமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

பூட்ட வேண்டாம் என்று உன் அண்ணனுக்கு எழுது.

அம்மா


இயேசு மரி சூசை

கிழக்குத் தாம்பரம்,
8 டிசம்பர் 2007

அன்பு மகள் ஜோதிக்கு,

என் கடிதம் கிடைத்தது என்று உன் அண்ணனிடம் போனில் சொன்னாயாம். பதில் வரவில்லை. நீ கொடுத்தனுப்பிய செல்போன் அலமாரியில் அடித்து அடித்து ஓய்கிறது. எடுக்கத் தெரியாமல் இல்லை. எடுத்தால் நீ அழுவாய், நானும் சரி சரி என்று சொல்லிவிடுவேன். ஆகவே எடுக்கவில்லை.

குழந்தைக்கு வெள்ளை அங்கி தைத்து முடித்துவிட்டேன். கழுத்துப் பட்டியில் சிறிய சிலுவை வைத்திருக்கிறேன். உன் அண்ணி பொத்தான் வாங்கி வந்து தானே தைத்தாள். நல்ல மனதுதான். நீ வருவதற்கு அறையை ஒழித்துத் தருகிறாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். காலையில் அந்தச் சந்தோஷத்தோடுதான் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதை நான் யோசித்தே எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் என்னைத் திறந்து, கோவிலுக்குக் கூட்டிப்போய், குழந்தையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, நீ மஸ்கட்டுக்குப் போனபின் மறுபடி பூட்டுவதாக இருந்தால், நான் கோவிலுக்கு வரமாட்டேன். குழந்தையைச் சபையில் சேர்க்க ஏந்துகிறவள் அந்தச் சபையோடு நடமாடுகிறவளாக இருக்க வேண்டும். அவனை ஏந்த எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். தெரிந்தும் இப்படி எழுதுகிறேன் என்றால் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தினமும் உங்கள் மூவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

நீ கிளம்புவதற்கு முன், பூட்டு வேண்டும் அல்லது வேண்டாம் என்று உன் கையால் ஒரு வரி எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு.

அம்மா,
ரோசலின் லாசரஸ்