கழுத்தில் மாட்டிய அட்டை

ஈசால்மி, 28 ஏப்ரல் 1946

மதிப்பிற்குரிய குன்வோர் அம்மாவுக்கு,

அவுனே பெசோனென் எழுதுகிறேன். ராய்லி நலம். சளி விட்டுவிட்டது. தபால் நிலையத்து சைமி இதை ஸ்வீடிஷில் மாற்றித் தருவாள். "மூணு வாரமா பதில் போடாம என்னடி பண்றே"ன்னு அவள் தினமும் திட்டுகிறாள். ராய்லியை உங்களிடமே விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் என்ன எழுத?

போருக்குப் பயந்து ஐந்து வயதில் அவளை ஸ்வீடனுக்கு, உங்களிடம் அனுப்பினேன். ஒன்பது வயதில், எங்கள் மொழியை மறந்து வந்திருக்கிறாள். திரும்ப வருகிற சொற்களும் மொட்டையாக வருகின்றன. எங்கள் பேச்சில் 'பெரிய வீட்டில்' என்றால் போதாது. வீட்டோடு ஒட்டுகிற 'இல்' பெரியதோடும் ஒட்ட வேண்டும், 'பெரியதில் வீட்டில்' என்பது போல. இவள் வீட்டை மட்டும் மாற்றுகிறாள். பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருக்கிறார்கள். அதுகளும், "ஸ்வீடன்காரிக்கு வாயில பாதி நாக்குதான்"னு கத்துகின்றனவாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன சனிக்கிழமை உருளைக்கிழங்கு உரிக்கும்போது, 'பழைய கத்தியால்' என்பதைச் சரியாகச் சொல்லச் சொல்லிப் பத்துத் தடவை படுத்தினேன். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனாள். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மறுநாள் நான் மாட்டுக்கொட்டிலில் இருந்தபோது ரயில் நிலையத்து ஓனி ஓடி வந்தார். "அவுனே, உம் பொண்ணு பெட்டியோட உக்காந்திருக்கா. டிக்கெட் எங்கேன்னு கேட்டா கழுத்தைக் காட்டுறா!" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், நீங்கள் தைத்துக் கொடுத்த நீலக் கோட்டு, கழுத்தில் அந்தப் பழைய அட்டை. அன்று அனுப்பும்போது பெயர் எழுதி நானே கட்டிவிட்டது. அதை மாட்டிக்கொண்டால் யாராவது ரயிலேற்றி உங்களிடம் சேர்த்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறாள். கூப்பிட்டதும் வந்துவிட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"தர மாட்டேன்னு ஒத்தை வரி எழுது" என்கிறாள் சைமி. கை வரவில்லை. என்னை ராய்லி இன்னும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஜூன் முடியும்வரை எனக்குக் கொடுங்கள். அட்டையை நான் எரிக்கவில்லை, கதவோரக் கொக்கியில்தான் தொங்குகிறது. மறுபடி அவள் அதை மாட்டிக்கொண்டால், நானே கையைப் பிடித்து உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன்.

அதுவரை ஒன்று மட்டும் எழுதுங்கள். அங்கே அவள் எதற்குச் சிரிப்பாள்? வந்து ஐந்து மாதமாகிறது, அவள் சிரித்து நான் இன்னும் கேட்கவில்லை.

கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

ராய்லியைப் பெற்றவள்,
அவுனே